இருபத்தைந்து வாட் பல்பின் கீழே என் பக்கம் நின்ற நங்கையாவுக்கு

என் அன்பு நங்கையாவுக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நங்கையா என்றால் புருஷனுடைய அக்காள்தானே, அவள் தம்பி பெண்டாட்டிக்காக என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறவர்களுக்கு இது தெரியட்டும்.

எழுபதுகளின் நடுவில் நான் ராசிபுரத்துக்கு வாழ வந்தபோது நம் வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் ஒரே இருபத்தைந்து வாட் குண்டு பல்புதான். கரண்டு வந்த புதிதில் மாமா மாட்டியது. மண்ணெண்ணெய் விளக்கில் நெய்து வளர்ந்தவருக்கு அதுவே பெரிய வெளிச்சம். தறி அறையிலும் அதேதான், ஓட்டுக்கு அடியில் உயரத்தில், தூசி படிந்து தொங்கியது. அதன் கீழே உங்கள் தம்பி நெய்வார். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவது என் வேலை.

அந்த ஐப்பசி மழையில் வந்த கரும்பச்சைக் கல்யாணப் புடவையை மறப்பேனா? சாயங்காலம் நான் சுற்றிக் கொடுத்தேன், அவர் நெய்தார். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் பச்சைக்கு நடுவே இரண்டு விரல் அகலத்துக்குக் கருநீலம் ஓடியிருந்தது. பக்கத்துக் கூடையிலிருந்த நூலைத் தவறாக எடுத்துச் சுற்றியிருந்தேன்.

அது மூன்றாவது தடவை. அத்தை அன்றைக்கு வாயை அடக்கவில்லை.

"கண்ணுல கோளாறு இருக்கறதை மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க. உன்ற அப்பனை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியாச்சு. வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

நானும் அதை நம்பத் தொடங்கிவிட்டேன், நங்கையா. கொல்லையில் நின்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தென்னங்கீற்றுகளை எண்ணினேன். பிறகு மறு கண்ணை மூடி எண்ணினேன். இரண்டுக்கும் ஒரே கணக்குதான் வந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை.

புதன்கிழமை உங்கள் புகுந்த ஊரான சங்ககிரியிலிருந்து நீங்கள் வந்து இறங்கினீர்கள். தற்செயலாக வந்தீர்களா, யாராவது சொல்லி அனுப்பினார்களா? கடைசிவரை நீங்கள் சொல்லவே இல்லை.

"ஏன் அம்மணி, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

சொன்னேன். நீங்கள் காப்பியைக் குடித்து முடித்தீர்கள். விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் தறி அறைக்குப் போய், நான் உட்காருகிற அதே பலகையில் உட்கார்ந்தீர்கள். இரண்டு நூலையும் கையில் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். பிறகு ஆளுக்குப் பச்சையில் ஐந்து துண்டும் நீலத்தில் ஐந்து துண்டும் வெட்டிக் கலந்து, வீட்டில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டீர்கள்.

"ஏனுங்கப்பா, சித்தெ இதைப் பிரிச்சுக் குடுங்க."

நாற்பது வருஷம் பட்டு நெய்த மாமா குனிந்து குனிந்து பிரித்தார். உங்கள் தம்பி பிரித்தார். அத்தையும் பிரித்தார். அவர்கள் பச்சை என்று ஒதுக்கிய மூன்று குவியலையும் நீங்கள் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்த வாசலுக்குப் போனீர்கள். மூன்றிலும் தப்பு. மாமாவின் குவியலிலேயே இரண்டு நீலம்.

"சுத்துன இவளுக்குக் கண்ணு தெரியலைன்னா, நெய்த உங்க மவனுக்கு மட்டும் தெரிஞ்சுதுங்களா? அவனை ஆரு ஊட்டுக்கு அனுப்பறது?" என்று அத்தையைக் கேட்டீர்கள்.

மாமா தட்டிலிருந்த நீலத் துண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, "என்ற கண்ணுக்கே தப்பிப்போச்சே, சாமி" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாம் இருவரும் சேலம் போனோம். பதினைந்து, நாற்பது, அறுபது, நூறு என்று வகைக்கு ஒன்றிரண்டு பல்பும், கொஞ்சம் ஒயரும், ஒரு தகர மூடியும் வாங்கினீர்கள். எந்த அறைக்கு எது என்று கடைக்காரர் கேட்டதற்கு, "போட்டுப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்றீர்கள்.

திரும்பியதும் வயர்மேனைக் கூப்பிட்டு, தறிக்கு மேலே முதலில் நூறைப் போடச் சொன்னீர்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நீங்களோ தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். பட்டின் பளபளப்பு கண்ணைக் குத்தியது, கையின் நிழல் சரியாக நாடா ஓடுகிற இடத்தில் விழுந்தது. அறுபதை மாட்டி, தகர மூடி போட்டு, இடது பக்கமாகத் தாழ இறக்கியதும் நூல் நூலாகத் தெரிந்தது. அப்போதும் என்னிடம் ஒன்று சொன்னீர்கள்: "எந்தப் பல்பும் சூரியன் ஆகாது அம்மணி. நீலத்தையும் பச்சையையும் பகல்லயே சுத்தி வெச்சுக்கோ."

சமையலறையில் நாற்பது போதும் என்றீர்கள். ஆனால் அது என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அரிவாள்மணையில் என் நிழலே விழுகிறது என்று எதிர்ச் சுவருக்கு மாற்ற வைத்தீர்கள். படுக்கிற அறைக்குப் பதினைந்து. கூடத்தில் மட்டும் உங்கள் தம்பி பிடிவாதம் பிடித்தார். எங்கோ ஒரு பங்களாவில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய கண்ணாடிக் குண்டுக்குள் நூறு வாட்டைத்தான் போடுவேன் என்றார்.

"மூடுன குண்டுல சூடு போக வழியில்லை தம்பி. அதுக்கு நாப்பதே சாஸ்தி" என்றீர்கள். அவர் கேட்கவில்லை. பத்தே நாளில் ஹோல்டர் கருகி நாற்றம் வந்தபோது, சத்தமில்லாமல் நாற்பதை மாட்டிவிட்டார். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

பல்பு மாட்டிய மறுநாளே, சொன்னபடி வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். என்னை அழைத்துப் போகத் துணிப்பை கூடக் கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே நின்றவரை மாமா கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

"கோளாறு எங்க ஊட்டு வெளிச்சத்துல இருந்துதுங்க சம்பந்தி. புள்ளையோட கண்ணுல ஒண்ணுமில்லை. உக்காந்து சாப்பிடுங்க."

அத்தை இலை போட்டுத் தானே பரிமாறினார். அப்பா சாப்பிட்டு எழுந்து, உங்களைப் பார்த்துக் கை கூப்பினார். நீங்கள் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஊருக்கு வருகிற சேதி தெரிந்தால் போதும், தெருவில் யாராவது வந்து கூப்பிடுவார்கள். தையல் மிஷின் பக்கம் எது, குழந்தை தூங்குகிற இடத்தில் எது என்று கேட்பார்கள். நீங்கள் போய் முதலில் அந்த இடத்தில் உட்காருவீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் நங்கையா சொன்னபடி, வயர்மேன் ஏணியை நகர்த்துவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு எத்தனை கர்வம்!

இப்போது ஒரு சேதி. உங்கள் மகன் சங்ககிரியில் வீடு கட்டி முடித்துவிட்டான். போன வாரம் எனக்குக் கடிதம் போட்டிருந்தான். "அத்தை, அம்மா இருந்தால் அம்மாவைக் கேட்டிருப்பேன். வயர்மேன் எல்லா அறைக்கும் டியூப்லைட் போடலாம் என்கிறார். நீங்கள் வந்து சொன்ன பிறகுதான் மாட்டுவோம்" என்று எழுதியிருக்கிறான். அந்த வரியை உங்கள் தம்பியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

உங்கள் மருமகள் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்க்கிறாள் அல்லவா? சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவாளாம். நாளைக்குக் கிளம்புகிறேன். அவள் எங்கே உட்காருவாள், எந்தக் கையால் எழுதுவாள் என்று அவளையே கேட்டு, நானும் அங்கே உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்வேன். அவள் ஒரு பக்கம் முழுக்கத் திருத்தி முடித்து, "சரியா இருக்குதுங்க அத்தை" என்று சொல்லும்வரை அந்த வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன், நங்கையா. இது சத்தியம்.

உங்கள் பிறந்த வீட்டிலேயே தங்கி வாழ்கிற,
உங்கள் தம்பி பெண்டாட்டி