அம்மாவின் அறைக் காற்று

நறுவிலிக்குளம்
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நல்ல சுகம் என்று தொடங்க ஆசைதான். யதுவுக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம், அதனால்தான் ஈமெயில்.

மழை தொடங்கியதிலிருந்து பிள்ளைக்கு இழுப்பு. மூன்று வயதுப் பிள்ளை, அவளின் நெஞ்சு விசிலடிக்கிறது. மருந்து கொடுக்கும்வரை நல்லம், விட்டால் பழையபடி. "வீட்டுக்குள்ள பூஞ்சணம் இருக்கோ எண்டு பாருங்கோ" என்றார் டொக்டர். இவர் வேலை செய்யும் கந்தோரில் கோப்புகள் வைக்கும் அறையைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெயர் றிபாத், சொந்த இடம் கொண்டச்சி. கட்டடங்களில் ஈரமும் பூஞ்சணமும் பார்ப்பதுதான் அவருக்குத் தொழில். இவர் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆள் வருகிறார் என்று நான் வீடு கழுவி, சுவரெல்லாம் குளோரின் போட்டுத் துடைத்து, வெள்ளிக்கிழமையாச்சே என்று சாம்பிராணியும் காட்டியிருந்தேன். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காத்தச் சோதிக்க வந்தவனுக்குச் சாம்பிராணி போட்ட முதல் வீடு இதுதான் தங்கச்சி. இண்டைக்கு மெஷினப் போட்டா அது சாமிதான் கும்பிடும்."

அடுத்த நாள் திரும்பி வந்தார். இரண்டு ஊசி வைத்த ஒரு கருவியைச் சுவரில் குத்திக் குத்தி ஈரம் பார்த்தார். யது படுக்கும் அறையில், ஒரு பக்கத்துச் சுவரில் மட்டும் அது விடாமல் கத்தியது.

"இதுக்கு அங்கால என்ன?"

"அம்மான்ர அறை. பூட்டிக் கிடக்கு."

"திறப்பத் தாங்கோ."

அக்கா, நான் கொடுக்கவில்லை. புதன்வரை மன்னாரில்தான் நிற்கிறார். திறக்கட்டோ?

உங்கள் தங்கச்சி
வேணுஜா


ரொறன்ரோ
13.01.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

யதுவை நினைத்து இன்றைக்கு வேலையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெந்நீர் கொடு, குளிர்ந்ததைக் கொடுக்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும், தெரிந்தும் எழுதுகிறேன்.

அகிலன் தம்பி கூட்டிவந்த அந்த ஆள் திறந்து பார்க்கட்டும். ஆனால் ஒன்றையும் எடுக்க விடாதே. அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அவவின் உடுப்புகளைக் கொடுத்துவிடவேண்டும் என்று ஊரே நின்றபோது, நீதான் அத்தனை பேரோடும் சண்டைபிடித்து எனக்காக அந்த அறையைப் பூட்டினாய். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் வதிவிடப் பேப்பர் சரிவரும்வரை நாட்டைவிட்டு வெளிக்கிட ஏலாது என்று உனக்குத் தெரியும். சரிவந்த அடுத்த கிழமை நான் அங்கே நிற்பேன். அதுவரை கட்டில், சேலை, தலையணை எல்லாம் கிடந்தபடியே கிடக்கட்டும்.

கதவைத் திறந்து நெடுநேரம் விடாதே. அம்மாவின் மணம் போய்விடும்.

அன்புடன்
சுபத்திரா அக்கா


நறுவிலிக்குளம்
05.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அறிக்கை வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று றிபாத் அண்ணை முற்றத்திலும் மெஷினை வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தவர். முற்றத்தில் உள்ளதைவிட யதுவின் அறையில் பூஞ்சண வித்துகள் பல மடங்கு. அம்மாவின் அறையில் எடுத்ததை ஆய்வுகூடத்தில் எண்ணவே முடியவில்லையாம், அவ்வளவு நெருக்கம்.

ஓடு விலகி மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. யன்னலும் பூட்டியபடி, காய வழியில்லை. ஓட்டைச் சரிசெய்து, சுவரைக் காயவைத்து, சுரண்டிப் பூசலாமாம். "இரும்பு அலுமாரியத் துடைச்சு எடுக்கலாம். மெத்தை, தலகணி, பட்டு, இதுகள் சரிவராது. உள்ளுக்கே ஊறிப் போச்சு" என்றார்.

மணம் என்று எழுதினீர்கள். திறந்தபோது நானும் முதலில் அதைத்தான் தேடினேன். இல்லை அக்கா. நனைந்த சாக்கின் மணம்தான் இருந்தது. அம்மாவின் கூறைச் சேலையைத் தூக்கினேன், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கையோடு வந்தது. மற்றதுகளைத் தொட மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் எடுக்க விடுங்கோ அக்கா. பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

வேணுஜா


ரொறன்ரோ
07.02.2025

தங்கச்சிக்கு,

சித்திரைக்குள் பேப்பர் வந்துவிடும் என்று லோயர் சொல்கிறா. இன்னும் இரண்டே மாதம். அதுவரை யதுவை ஹோலில் படுக்கவைக்க ஏலாதா? கதவிடுக்குகளை ஏதாவது வைத்து அடைக்க ஏலாதா? ஒரு மெஷின் சொன்னதற்காக அம்மாவை இரண்டாம் தரமும் தூக்கிக்கொண்டு போகப்போகிறாயா?

நீ பக்கத்தில் இருந்தாய். கடைசித் தண்ணீரையும் நீதான் விட்டாய். நான் அம்மாவின் சவப்பெட்டியைப் போனில் பார்த்தவள், அதுவும் நடுவில் சிக்னல் போய்விட்டது. எனக்கென்று மிச்சம் இருப்பது அந்த ஒரு அறை.

பொறு தங்கச்சி. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா


நறுவிலிக்குளம்
03.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாதியில் மூடிவிடாதீர்கள், முழுக்க வாசியுங்கோ.

நீங்கள் சொன்னபடி யதுவை ஹோலில் படுக்கவைத்தோம். கதவிடுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். "சுவரே ஈரமாக் கிடக்கு, டேப் ஒட்டி என்ன செய்யப்போறியள்?" என்று றிபாத் அண்ணை போனில் ஏசினார். உங்களுக்காக அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன செவ்வாய் பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம், மன்னார்ப் பாலத்தில் எதிர்க்காற்று, இவர் பைக்கை முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறார். நான் நடுவில் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன். அவள் விக்கி விக்கி, "அம்மா, மூச்சுத் தாங்கோ" என்றாள். தண்ணீர் கேட்கிற மாதிரிக் கேட்டாள் அக்கா. எடுத்துக் கொடுக்கிற சாமான் என்று நினைத்துவிட்டாள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கு முதல் அவளை மாமி வீட்டில் விட்டுவிட்டு, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, இவரும் நானும் எல்லாவற்றையும் வளவின் கடைசிக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினோம். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் அழுவீர்கள், நான் திரும்பவும் பொறுத்திருப்பேன். மெத்தை லேசில் எரியவில்லை, விடிந்தும் புகைந்தது. மூக்குக்கண்ணாடியையும் சில்வர்ச் செம்பையும் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஏசுங்கோ. என்ன வேணுமென்றாலும் சொல்லுங்கோ. ஆனால் எழுதுங்கோ.

வேணுஜா


ரொறன்ரோ
22.04.2025

வேணுஜா,

பேப்பர் வந்துவிட்டது.

யதுவின் படங்கள் கிடைத்தன. கன்னம் வைத்திருக்கிறது. உன்னில் எனக்குக் கோபமில்லை. என் பிள்ளையென்றால் யாரையும் கேட்காமல் முதல் நாளே கொளுத்தியிருப்பேன். நீ என்னைக் கேட்டுக்கொண்டு நின்றாய், நான் பொறு என்றேன். பிள்ளை மூச்சுக் கேட்டாள் என்று நீ எழுதியதை வேலை செய்யும் இடத்துக் குளியலறைக்குள் நின்று வாசித்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் எப்படி நேரே பார்ப்பது?

டிக்கெட் போடத்தான் இருந்தேன். பிறகு, வந்து எங்கே இருப்பது என்று யோசித்தேன். நம்பமாட்டாய், அம்மாவுக்காக நான் இன்னும் அழவில்லை. அந்தக் கதவைத் திறந்தால் தானாக வரும் என்று அழுகையைச் சேர்த்துச் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது அங்கே வெள்ளையடித்த ஒரு அறைதான் இருக்கும். உன் தோளில் சாய்ந்து அழுதால், உனக்கு அது ஏச்சாகத்தான் கேட்கும்.

நான் வரவில்லை.

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு யதுவை அந்த அறையிலேயே படுக்கவை. வீட்டில் நல்ல காற்று வருகிற அறை அதுதான். பிள்ளையைப் பற்றி எழுது, அகிலன் தம்பியைப் பற்றி எழுது, வயலைப் பற்றி எழுது. அந்த அறையைப் பற்றி மட்டும் இனி எனக்கு எழுதாதே.

சுபத்திரா