‘இல்லை’ என்று காட்டியது

ஜனவரி 6, 2025

நூற்று நாற்பத்திரண்டு பேர் என் ஆப்பைப் போட்டிருக்கிறார்கள். திருப்பதியில் ஒரு வாடகை ரூம், ஒரு லேப்டாப், நான் ஒருத்தி. கம்பெனி வேலையை விட்டு பதினோரு மாதம் ஆகிறது.

நான் செய்த ‘கரண்ட் வந்துச்சா’ ஆப்புக்கு ஒரே வேலைதான். எங்கள் விஜயபுரம் பக்கத்துக் கழனிகளில் மோட்டார் ஓட்டுகிற கரண்ட் இப்போது இருக்கிறதா, இல்லையா? இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சப்-ஸ்டேஷனில் இருக்கும் பாஸ்கர் அண்ணன் லைன் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் எனக்கு ஒரு மெசேஜ் போடுவார். மீதியை ஆப் பார்த்துக்கொள்ளும்.

பக்கத்துக் கழனி துலுக்காணம் மாமா போன் செய்தார். “உன் புண்ணியத்துல வூட்ல குந்திகினு சோறு துன்றேன்மா. முன்னெல்லாம் மோட்டார் கொட்டாய்லயே காத்துகினு கெடப்பேன்.” இதைக் கேட்கத்தானே வேலையை விட்டேன்.

பிப்ரவரி 11

பாஸ்கர் அண்ணனுக்கு நாயுடுபேட்டைப் பக்கம் மாற்றல். “என்னம்மா பண்றது, ஆர்டர் வந்துச்சு” என்றார். எல்லாமே ஒரே ஒருவரின் தயவில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாள் இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

பிப்ரவரி 18

அவர் இடத்துக்கு வந்திருப்பவர் முரளி. போய்ப் பார்த்தேன். “நேனு செப்பகூடாது மேடம். பெரிய ஆபீஸ்ல பர்மிஷன் லெட்டர் வாங்கினு வாங்க.” அவர் வாயால் சொல்லக்கூடாதாம். அதில் தப்பில்லை.

பெரிய ஆபீஸில் ஒருவர் கேட்டார்: “உங்க கம்பெனில எத்தனை பேர்?” நான் மட்டும்தான் என்றேன். என் மனுவை மற்ற காகிதங்களுக்கு அடியில் செருகிவிட்டு, “சூஸ்தாம்” என்றார். பார்க்கலாமாம்.

பிப்ரவரி 24

மெசேஜ் இல்லை. திரை ஒரே நிறத்தில் நிற்கிறது. இருபது பேர் ஆப்பை எடுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து நைனாவும் போன் செய்தார்: “டீக்கடையில கேக்கறாங்க. செத்துப்போச்சான்றாங்க. என்னா சொல்லட்டும்?”

பிப்ரவரி 27

வழி கிடைத்துவிட்டது! பாஸ்கர் அண்ணனின் பழைய மெசேஜ்கள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கரண்ட் வரும் என்று அவற்றை வைத்து ஆப்பே கணிக்கட்டும். பத்தில் எட்டு சரியாக வருகிறது. கீழே ‘உத்தேசம்’ என்று சின்ன எழுத்தில் போட்டேன். பெரிதாகப் போட்டால் யார் நம்புவார்கள்?

மார்ச் 3

நூற்று அறுபது பேர்.

மார்ச் 14

எழுத முடியவில்லை.

மார்ச் 15

நேற்றுக் காலை துலுக்காணம் மாமாவின் மோட்டார் கொட்டாயில் ஃபியூஸ் போயிருக்கிறது. போனைப் பார்த்திருக்கிறார். சிவப்பு. மெயினை இறக்காமலே கையை வைத்திருக்கிறார். லைன் வந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

சித்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிர் தப்பியது. வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“மெயின் ஆஃப் பண்ணாம யாராச்சும் கை வெப்பாங்களா? உன் தப்பு இல்லம்மா” என்கிறார் நைனா. பின்ன யார் தப்பு? பத்தில் எட்டு என்று குதித்தேனே – அந்த ரெண்டு யாருக்கு வரும்னு ஒரு தடவையாவது யோசிச்சேனா?

மார்ச் 17

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா தூக்கத்தில் இருந்தார். வராந்தாவில் அவர் மனைவி செல்லியம்மா அத்தை.

“போன்ல இல்லைன்னுதானே காட்டுச்சு, சிவசங்கரி?”

“ஆமா அத்தை.”

“அப்புறம் எப்டி இருந்துச்சு?”

கோபத்தில் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“எனக்குத் தெரியலை அத்தை. தெரியலைன்னு காட்டியிருக்கணும். இல்லைன்னு காட்டிட்டேன்.”

 அத்தை காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

மார்ச் 18

ஆப்பை நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகுதான் தெரிகிறது – நெட் கிடைக்காத போன்களில் கடைசியாக வந்த நிறம் அப்படியே நிற்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு அதை அழிக்க என்னிடம் வழியில்லை. அப்படி ஒன்றை நான் செய்து வைக்கவே இல்லை.

மார்ச் 22

நைனாவின் வண்டியில் ஊர் ஊராகப் போகிறோம். ஒவ்வொரு போனாக வாங்கி என் கையால் அழிக்கிறேன். இன்று முப்பத்தொன்று.

பாலசுந்தரம் என்பவர் போனைத் தரவே மாட்டேன் என்றார். “எனக்கு சரியாத்தானே சொல்லிகினு இருந்துச்சு? அவரு பாத்து கை வெச்சிருக்கணும்.” எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டேன். பதறிப்போய்க் கொடுத்துவிட்டார். வழியில் ஒரு அம்மா வண்டியை நிறுத்திக் கேட்டார்: “திரும்ப எப்போ போடுவே?”

ஏப்ரல் 9

இன்னும் பதினேழு போன். அதில் இரண்டு யாருடையவை என்றே தெரியவில்லை.

மே 5

நாயுடுபேட்டையில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை. சேர்ந்துவிட்டேன். சொந்தமாக ஏதாவது செய்திருக்கிறாயா என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். இல்லை என்றேன்.

ஜூலை 14

லீவு போட்டு ஊருக்கு வந்தேன். நேற்று செல்லியம்மா அத்தை போனில் கூப்பிட்டிருந்தார்: “மாமாவுக்கு பென்ஷன் எழுதிப் போடணும். உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, வந்து கூட நில்லு.” என்னையா கூப்பிடுகிறார்? ஆமாம், என்னைத்தான். வேறு யாரைத் தெரியும் அவருக்கு?

மூவரும் அரசு மனுக்கள் வாங்கும் ஊர்ச் சச்சிவாலயத்துக்குப் போனோம். அங்கே வேலை செய்யும் பிரேமலதா நல்ல பெண். கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரையில் படித்தாள். ஊனம் எப்படி ஏற்பட்டது? பிறவியிலா, நோயிலா, விபத்திலா? மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டார்: “கரண்ட்டு அடிச்சிச்சும்மா.”

பிரேமலதா ‘விபத்து’ என்பதை அழுத்தினாள். வேறு எதையும் எழுத அதில் இடம் இல்லை.

கடைசியில் கைரேகை. இடது கைதான் இருக்கிறது. கட்டைவிரல் தேய்ந்துபோய், மெஷின் எடுக்கவில்லை. மூன்று தடவை வைத்தார். “கொஞ்சம் கெட்டியா அழுத்துங்க மாமா” என்றாள் பிரேமலதா. அவரால் அழுத்த முடியவில்லை.

என் துப்பட்டா நுனியால் அந்த விரலைத் துடைத்தேன். பிறகு என் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். எடுத்துக்கொண்டது.

“ஆச்சா?” என்று கேட்டார் மாமா.

“ஆச்சு மாமா” என்றேன். அந்த விரலை விடுவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.