பாஸ்கல் அங்கிளின் முழங்கை

அன்புள்ள அம்மாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், உன் மகனின் மீசையில் நான்காவது முடி முளைத்துவிட்டது. உன் இருமல் எப்படி இருக்கிறது? அப்பா நலமா?

விவேக் நகர் கோவில் பாடகர் குழுவில் எங்களோடு பாடிய ஓவியர் பாஸ்கல் அங்கிள் போன மாதம் இறந்தாரல்லவா, இன்று அவருக்கு நினைவுத் திருப்பலி. கிறிஸ்துமஸ் குடிலுக்குத் திரை வரையும்போது ஒட்டகத்துக்கு என் முகத்தை வைத்துவிட்டு, "உன் கழுத்துக்கு இதாண்டா பொருத்தம்" என்றவர். கட்டைக்குரல்காரர்கள் நாங்கள் நான்கு பேர். பக்கத்தில் நிற்கும் அவர் முழங்கையால் இடித்தால்தான் பாடத் தொடங்குவோம். இன்று பாட்டில் எங்கள் அடி வந்ததும் நான்கு பேரும் அந்த இடிக்காகக் காத்து நின்றுவிட்டோம். ஆர்கன் மட்டும் தனியாகப் போனது. நான்தான் துணிந்து முதலில் எடுத்துப் பாட்டைக் காப்பாற்றினேன்.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அனுப்பு. ஞாயிறு மத்தியானம் போன் செய், அப்போது ஹாஸ்டலில் என்னைத் தவிர யாரும் இருப்பதில்லை. மெஸ் மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் ரூபன்

பி.கு.: அம்மா, முதலில் எடுத்தது நானில்லை. முன் பெஞ்சிலிருந்து அங்கிளின் மனைவிதான் எடுத்துக்கொடுத்தார். மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் குரலே வரவில்லை, கடைசிவரை வாயை மட்டும்தான் அசைத்தேன்.