புள்ளி வைத்த பெயர்கள்

மார்ச் 3, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து விளக்கைப் போட்டதற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இவர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். பாப்பா ஒரு தடவை உதட்டைச் சப்பிவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள். பகலில் எழுத எனக்கு ஏது நேரம்?

இன்று ஆபீஸில் போன் பேசி விற்கும் கால் ரூமை மூடிவிட்டார்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் ஆஸ்பத்திரியில் எங்கள் ஃபாரத்தை நிரப்புவார்கள், நாங்கள் இலவசப் பெட்டி ஒன்று கொடுப்போம், அப்புறம் மாசாமாசம் கூப்பிட்டு டயப்பர், பாட்டில், தள்ளுவண்டி என்று விற்போம். கூப்பிடுகிற அந்த வேலை இனிமேல் வெளியே ஒரு கால் சென்டருக்கு. செலவு பாதியாகக் குறையுமாம். யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலைத் தயார் செய்து அனுப்புவது என் வேலை.

கால் ரூமில் எல்லாருக்கும் மூத்தவள் மைக் அக்கா. அவள் பேசினால் பக்கத்துக் கட்டடத்துக்கும் கேட்கும், அதனால் அந்தப் பெயர். டப்பாவில் சாமானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீ தப்பிச்சடி. கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்து போயிட்ட. நாங்க வாயை வாடகைக்கு விட்டவங்க. இப்ப குடியிருந்தவன் காலி பண்ணிட்டான்."

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மைக் அக்கா வாசல் வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்து, "புள்ளியை மறந்துடாத" என்றாள்.

மறப்பேனா? நானும் ஒரு வருஷம் அந்த ரூமில் உட்கார்ந்தவள்தானே. 'உங்க பாப்பாவுக்கு இப்போ மூணு மாசம்' என்று உற்சாகமாக ஆரம்பிப்போம். மறுமுனையில் பேச்சே இருக்காது. புரிந்துவிடும். குழந்தை தவறிவிட்டது என்று எழுத ஒருத்திக்கும் கை வராது. குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி வைப்போம். புள்ளி இருந்தால் இனி எந்தக் காலத்திலும் கூப்பிடக் கூடாது. யாரும் போட்ட சட்டம் இல்லை. எங்களுக்குள் இருந்த பழக்கம்.

நான் வைத்த முதல் புள்ளி ஒரு டீச்சருக்கு. அப்போது என் வயிற்றில் இவள். டீச்சர் அழவில்லை. "இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு நீங்க சொல்லுங்க, நான் நம்பறேன்" என்றார். சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

மேனேஜரோடு உட்கார்ந்து பேசினேன். வெளியாட்களுக்கு எது போகலாம், எது போகக் கூடாது. விலாசம் கூடாது. ஆஸ்பத்திரி பெயர் கூடாது. முக்கியமாக, குறிப்புகள் கூடவே கூடாது என்றேன். யாருக்கு எத்தனை தடவை கலைந்தது, யாருடைய புருஷன் விட்டுவிட்டுப் போனான், எல்லாம் அதில் இருக்கிறது. முகம் தெரியாதவர்கள் டீ குடித்துக்கொண்டே படிக்கவா? பெயர், நம்பர், குழந்தைக்கு எத்தனை மாசம். அவ்வளவு போதும்.

"பலே, நீ இருக்கறப்ப எனக்கு என்ன கவலை" என்றார் மேனேஜர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. கொஞ்சம் பெருமைதான்.

மார்ச் 9, திங்கள்

பட்டியலைத் திறந்து வைத்திருக்கும்போது குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன். பாப்பாவுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, உடனே வாங்க. மேனேஜர் கதவருகே நின்று, "அனுப்பிட்டுப் போயிடேன், அவங்க காத்துட்டிருக்காங்க" என்றார்.

அனுப்பிவிட்டு ஓடினேன். இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. நெற்றி சில்லென்று இருக்கிறது. ஆனால் பட்டியல் நினைவுக்கு வந்துவிட்டது. புள்ளி வைத்த பெயர்களை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம்தான் குறிப்புகளை அழிப்பதாக இருந்தேன். எடுத்தேனா? எடுத்திருப்பேன். எடுக்காமல் இருப்பேனா?

மார்ச் 10, செவ்வாய்

எடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

நேற்று முன்தினமே கால் சென்டருக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். கூப்பிட ஆரம்பித்தாயிற்று, எழுத்தில் வராமல் நிறுத்த முடியாது என்றார்கள். மேனேஜர் வெளியூரில் இருந்தார்.

இன்று டீச்சர் ஆபீஸுக்கே போன் செய்து என்னைக் கேட்டிருக்கிறார். ஒரு வருஷத்துக்கு முன்னால் பேசியவள் பெயரை நினைவு வைத்துக் கேட்டிருக்கிறார்.

"ஒரு பையன் பேசினான். நல்லா மரியாதையாத்தான் பேசினான். குழந்தை இப்போ நடக்க ஆரம்பிச்சிருக்குமே, முதல் ஷூ வாங்கிட்டீங்களான்னு கேட்டான்."

மன்னிச்சிடுங்க என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

"நான் அவனைத் திட்டலைம்மா. அவனுக்கு என்ன தெரியும். உங்களைத்தான் கேக்கறேன். நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

மேனேஜர் வந்துவிட்டார். அவருக்கு எல்லாம் சுலபம். "கூப்பிடக் கூடாத நம்பரை மட்டும் தனியா ஒரு பட்டியல் போட்டு அனுப்பு. முடிஞ்சது."

முடிந்ததா? குழந்தையைப் பறிகொடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒரே கட்டாக வெளியாள் கையில் கொடுப்பதா? எதை மறைக்க வேண்டும் என்று குறிப்புகளை அழித்தேனோ அதையே தட்டில் வைத்து நீட்டுவதா? அனுப்பாவிட்டால் அந்தப் பையன்கள் வரிசையாக எல்லாரையும் ஷூ கேட்பார்கள். புதுப் பட்டியல் அனுப்பினாலும் பழையது அவர்கள் கம்ப்யூட்டரில் ஏறியாயிற்று, எடுக்க வேண்டிய நம்பரைச் சொன்னால்தான் எடுப்பார்களாம். வேறு வழி இருந்தால் இப்போதாவது தோன்றட்டும். தோன்றவில்லை.

பெயர் இல்லாமல், காரணம் இல்லாமல், வெறும் நம்பராக அனுப்பினேன். நடுவில் என் இன்னொரு நம்பரையும் சொருகினேன், சமையலறை அலமாரியில் கிடக்கும் பட்டன் போனின் நம்பர். வெளியே போகும் பட்டியலில் இப்படி ஒரு பொய் ஆளை நுழைத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த நம்பரை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. அதற்கு வேறு யாராவது கூப்பிட்டால் பட்டியல் கால் சென்டரைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம்.

பழகிய வேலைதான். ஆனால் இந்தப் பட்டியலில் என் நம்பரை அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது.

இவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. "விளையாட்டுக்குக்கூட இப்படிப் போடுவியா? அந்த வரிசையிலயா உன் நம்பரைப் போடுவ?" என்று கத்தினார். பாப்பா விழித்துக்கொண்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே நடந்துகொண்டிருந்தார்.

மார்ச் 18, புதன்

கால் சென்டர் சூப்பர்வைசர் பேசினார். குரலில் தேன் ஒழுகும். "மேடம், சும்மா கூப்பிடாதேன்னா எங்க பசங்க கேக்க மாட்டாங்க. டார்கெட் இருக்கு பாருங்க, நம்பரைப் பார்த்தா டயல் பண்ணிடுவாங்க. காரணம் தெரிஞ்சா மனசுல நிக்கும். அக்கா தங்கச்சியோட பிறந்தவனுங்கதான் மேடம்."

ஷூ கேட்ட பையன் நினைவுக்கு வந்தான். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தால் கேட்டிருப்பானா?

சொன்னேன். வாயால்தான் சொன்னேன், எழுதித் தரவில்லை.

"அடப்பாவமே" என்றார். எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

மார்ச் 23, திங்கள்

ஒரு புகாரும் இல்லை. பாப்பா தானாக எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கை தட்டினாள், ஏதோ நான் சாதித்துவிட்ட மாதிரி.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று விடுப்பு. மத்தியானம் பாப்பாவை மடியில் வைத்துப் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள் ஏதோ சத்தம். எலி என்று நினைத்தேன். பட்டன் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஒரு பெண். சின்ன வயசுக் குரல்.

"மேடம், உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தம். நாங்க குழந்தைப்பேறு சிகிச்சை மையத்துலருந்து பேசறோம். போனதையே நினைச்சுட்டிருக்காதீங்க மேடம். இந்த மாசம் முதல் பரிசோதனை இலவசம்."

பாப்பா பாட்டிலைத் தள்ளிவிட்டுப் போனைப் பிடுங்க வந்தாள். ஙா ஙா என்று ஒரே சத்தம். அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"வீட்டுல வேற குழந்தை இருக்கா மேடம்?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். பாப்பாவை இறுக்கிப் பிடித்ததில் அவள் அழுதுவிட்டாள். இந்த ஒரு அழைப்பு எனக்குப் பொய்யாக வந்தது. மற்ற வீடுகளில்? அங்கே பின்னால் எந்தச் சத்தமும் கேட்டிருக்காதே—

ஏப்ரல் 6, திங்கள்

மேனேஜர் அறை. கதவைச் சாத்தினார். நான் பட்டன் போனை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரையும் நாமே கூப்பிட்டு, உங்கள் நம்பர் வெளியே போய்விட்டது, நாங்கள்தான் காரணம் என்று சொல்ல வேண்டும் என்றேன்.

"சொல்லிட்டு? கடையை மூடிட்டு வீட்டுக்குப் போறதா?"

"ஒப்பந்தத்துல எழுதியிருக்கே சார், தகவல் கசிஞ்சா அவங்க பொறுப்புன்னு."

"நம்பர் கசிஞ்சா அவங்க பொறுப்பு. நாம அனுப்பினது வெறும் நம்பர். அது குழந்தை தவறினவங்க நம்பர்னு அவங்களுக்கு யார் சொன்னா?"

மேஜைமேல் இருந்த போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஒரு புகார் வந்தப்பவே சூப்பர்வைசர் கிட்ட கேட்டேன். 'உங்க மேடம்தான் சொன்னாங்க'ங்கறான். அப்போ கசிவு எங்கேருந்து ஆரம்பிச்சது?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கேட்டிருப்பேன். வருத்தமாகத்தான் சொன்னார். வெளியே வரும்போது ரிசப்ஷன் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அந்த டீச்சர் போன வாரத்துலருந்து விடாம கூப்பிடறாங்க. உங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு" என்று காதில் சொன்னாள்.

டீச்சருக்கும் அந்த அழைப்பு போய்விட்டது.

ஏப்ரல் 7, செவ்வாய்

என் லாகின் திறக்கவில்லை. கார்டை வாங்கிக்கொண்டார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். எதையாவது எடுத்துப் போகிறேனா என்று பார்த்தார்கள். பாப்பாவின் மாற்று சாக்ஸும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும்தான் இருந்தன.

தலைக்குள்ளே யாரும் பார்க்கவில்லை. டீச்சர் நம்பர் எனக்கு மனப்பாடம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மைக் அக்கா வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாப்பாவின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "அந்தம்மாவுக்குச் சொல்லிடு. வேற யாரும் சொல்லப் போறதில்ல" என்றாள்.

இவர் வேண்டாம் என்கிறார். "அவங்க கம்பெனி மேல கேஸ் போட்டா முதல்ல மாட்டறது நீதான். கைல குழந்தையை வச்சிட்டு இது தேவையா?" அவர் பயம் அவருக்கு. எனக்கு இல்லாமலா?

ஏப்ரல் 19, ஞாயிறு

காப்பகத்தில் பாப்பாவின் இடத்தை விட்டுவிட்டோம். பகலெல்லாம் என்னோடுதான் இருக்கிறாள். பட்டன் போனை அணைக்கவில்லை. இந்த வாரமும் அந்த மையத்திலிருந்து கூப்பிட்டார்கள், இந்த முறை வேறு குரல். பாதி விலையாம்.

காலையில் அதே போனிலிருந்து டீச்சருக்கு மெசேஜ் அனுப்பினேன். இவருக்குத் தெரியும். தடுக்கவில்லை. தட்டச்சு செய்து முடிக்கும் வரை பாப்பாவை வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றார். அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

டீச்சர், நான்தான். இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று உங்களுக்குச் சொன்னவள். ஷூ விற்க உங்களைக் கூப்பிட்டது என் கவனக்குறைவால். சிகிச்சை மையத்திலிருந்து கூப்பிட்டது, உங்கள் குழந்தையைப் பற்றி நான் வெளியாளிடம் சொன்னதால். நல்லதுக்கென்று நினைத்துச் சொன்னேன், அது உங்களுக்கு எந்த விதத்திலும் சமாதானம் ஆகாது. உங்களைப் போல இன்னும் பலருடைய நம்பர் போயிருக்கிறது. கம்பெனி யாருக்கும் சொல்லப் போவதில்லை. நீங்கள் புகார் கொடுத்தால், நடந்ததை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். உங்கள் நம்பரும் நான் அங்கிருந்து கேட்காமல் எடுத்து வந்ததுதான், அதையும் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டுவதாக இருந்தாலும் சரி, தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.