நான்காம் ஆசிரியை சொல்லாதது

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக்காற்று. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இன்று டிபார்ட்மெண்டில் முடிக்க வேண்டியவை: ஆய்வேட்டின் மூன்றாம் இயல் திருத்தம், நூற்பட்டியல், பிரிண்டருக்கு இங்க். ஒன்றும் நடக்கவில்லை.

பத்தரைக்கு கனகா டீச்சர் போன். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்கும் பள்ளியில் தினம் வருகை போடுகிறார்கள் என்று என்னிடம் மனம் விட்டுச் சொன்ன ஒரே ஆள். ஆய்வில் அவர் பெயர் 'ஆசிரியை 4'.

பள்ளியில் மெமோ கொடுத்திருக்கிறார்களாம். "பேரு வராதுன்னுதானம்மா சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கைடு சாரைப் பார்த்தேன். என் வரைவைக் கருத்தரங்கில் சந்தித்த ஒரு கல்வி அதிகாரிக்கு அவர்தான் அனுப்பியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார் என்றேன். அந்த இயலை வைத்து வரப்போகும் கட்டுரையில் முதல் பெயர் தன்னுடையதுதானே என்றார்.

பெயரே இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மத்தியானம் உட்கார்ந்து வரைவில் தேடினேன். பக்கம் 61. 'தென்மாவட்டத்திலிருந்து வந்த, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை.' அந்தப் பள்ளியில் அப்படி ஒருவர்தான். பின்னணி சேர், கனமாக இருக்கும் என்று சொன்னது சார். எழுதியது நான்.

டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கேட்டாள். கூட்டம் இருந்தது என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அருள்புரம். டீச்சர் வீடு. கணவர் கட்டிங் மாஸ்டர், ஷிப்டுக்குப் போயிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் டிவி முன்னால். டீ கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவருடையது தற்காலிக வேலை. நேர்காணலே நடக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஹெச்.எம். சொல்லியிருக்கிறார்.

நீங்க சொன்னது நெசந்தானுங்களே டீச்சர் என்றேன்.

"நெசந்தான். அதனாலதான் கேக்கேன்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடிதம், மூன்று தடவை. முதலில் 'தவறாகப் புரிந்துகொண்டேன்' என்று எழுதி, ஹெச்.எம்.மிடம் போனில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "ஏனுங்க மேடம், தப்பாப் புரிஞ்சுதுன்னா அவங்க என்னமோ சொல்லியிருக்காங்கன்னுதானுங்களே அர்த்தம்?"

கடைசியில் அவர் சொன்னபடியே எழுதினேன். நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வராந்தாவில் டீச்சர் எதிரே வந்தார். யாரோ போல் கடந்து போனார். அதுதான் சரி.

டீச்சரின் நேர்காணல் ஒலிப்பதிவை அழித்தாயிற்று. நாற்பத்தேழு நிமிடம். ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டு அழித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் அழுதிருக்கிறார். பக்கம் 61-ல் அது இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

லேசான தூறல். பஸ் லேட்.

நேர்காணல் இல்லையென்றால் மூன்றாம் இயல் இல்லை. மூன்றாம் இயல் இல்லையென்றால் ஆய்வே இல்லை. நாலு வருடம். சாரிடம் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. கட்டுரையிலிருந்து தன் பெயரைக் காலையிலேயே எடுத்துவிட்டாராம்.

புதுத் தலைப்பு கொடுத்தார். மாணவர்களின் கைபேசிப் பயன்பாடும் கற்றல் ஆர்வமும். வினாநிரல் அவரிடமே தயாராக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு வாரத்தில் தரவு வந்துவிடும்.

"இதுக்கு நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே போக வேண்டியதில்ல கண்ணு."

சரிங்க சார் என்றேன்.