தளி இறங்கணும்

செவ்வாய், இரவு.

இன்று கணக்கு வகுப்பில் தூங்கிவிட்டேன். விடியுமுன் எங்கள் ஊர் தளியில், தோட்டத்தில் ரோஜா பறித்துவிட்டு காலேஜுக்கு பஸ் பிடிக்கிறேன். கண் தானாக மூடிக்கொள்கிறது. மேடம் மேசையைத் தட்டினார். கண்டக்டர் கம்பியைத் தட்டுவது போலவே கேட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "அண்ணா, தளி இறங்கணும்" என்றேன். வகுப்பே சிரித்தது.

சேர்ந்த நாளிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசாத திருநெல்வேலிக்காரி, என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, இன்னும் ஸ்டாப்பு வரல. உக்காரு."

பஸ்ஸில் திரும்பும்போது வழியிலுள்ள கம்பெனிகளின் விளக்குகள் பனியில் மிதந்தன. காலேஜுக்கு இனிப் போகமாட்டேன் என்று அம்மாவிடம் இன்று சொல்வதாக இருந்தேன். சொல்லவில்லை. படுத்த பிறகும் கட்டில் பஸ் மாதிரி ஆடுகிறது. நாளைக்கு முதலில் அவள் பெயரைக் கேட்கவேண்டும்.