பொம்மைக்கு வரைந்த முகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சௌக்கியம், கவலைப்படாதீர்கள்.

நம் தெருவில் வருஷா வருஷம் கொளுத்துவதைப் போல, இங்கே கிடங்கில் என்னோடு வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் போன ஞாயிறு அட்டைப்பெட்டிகளால் ஒரு கொடும்பாவி செய்தார்கள். மூடியிருந்த துணியை விலக்கினால், என் முகம்! தூக்குப்பல்லை அப்படியே வரைந்திருந்தார்கள். "கோச்சுக்காதண்ணே, சும்மா தமாஷுக்கு" என்றான் லாரி டிரைவர். நானும் சேர்ந்து சிரித்தேன். தீ பல்லைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். அறைக்குத் திரும்பிய பிறகு கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் நம் தெருப் பொம்மைக்கு உங்கள் சிநேகிதர் தையல்கார மாமாவின் மாறுகண்ணை வரைந்தது யாரென்று நீங்கள் கேட்கவேயில்லை. நான்தான் அப்பா. அவரும் அன்று சிரித்தார். அதோடு நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. "அவனுக்குத் தைக்கிற துணி நெறைய சேந்துபோச்சுடா" என்று சொல்லிவிட்டு, நீங்கள் தனியாக டீ குடித்தீர்கள்.

தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது. யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள், மேலே என் பெயரை உங்கள் கையால் எழுதி.

இந்தக் கடிதத்தைத் தையல்கார மாமாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் திட்டினால் ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்